தேனி, பொள்ளாச்சி, தஞ்சாவூர்... அப்புறம் எங்க வீட்டம்மாங்க

மிலிட்டரில கூட இருந்த ஒருத்தனை ஃபேஸ்புக்ல தேடிப் பாருங்க பார்ப்போம். லேசுல கிடைக்க மாட்டான்.

ஏன்னா அவன் பேரு நமக்கு ஞாபகமே இருக்காது!

நிஜமாத்தாங்க. எங்களுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடுற வழக்கமே கிடையாது. ஊர் பேருதான். தேனி, பொள்ளாச்சி, தஞ்சாவூர், பாலக்காடு, நெல்லூர். நான் வேலூர். (எங்க பக்கத்து ஆளுங்க பட்டாளத்துல எக்கச்சக்கம். கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. அதனால ஒரே கம்பெனில நாலஞ்சு 'வேலூர்' வந்துரும். அப்புறம் குடியாத்தம், ஆம்பூர், அணைக்கட்டுன்னு பிரிப்பாங்க. முதல்ல போய்ச் சேர்ந்தவன் நான். அதனால 'வேலூர்' எனக்கு!)

ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருந்தா ரோல் கால்ல ஆர்மி நம்பரோட கடைசி ரெண்டு எண்ணைச் சேர்த்துக் கூப்பிடுவாங்க. முருகன் நாப்பத்தெட்டு, முருகன் அறுபத்தொண்ணு. இன்னைக்கும் நாப்பத்தெட்டுன்னு எங்க பார்த்தாலும் எனக்கு முருகன் மூஞ்சிதான் வரும்.

இப்படி இருந்தா ஃபேஸ்புக்ல என்னன்னு தேடுறது?

அதனாலதான் போன நவம்பர்ல ஒரு நாள் போன்ல தெரியாத நம்பர்ல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தப்போ நான் ஆடிப்போயிட்டேன்.

"வேலூரு... டேய் வேலூரு... நான் பொள்ளாச்சிடா. உசுரோட இருக்கியா?"

அவ்வளவுதான் மெசேஜ். கோயம்புத்தூர் பக்கத்து இழுவை அப்படியே இருக்கு. கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூடியிருக்கு. சமையல்கட்டுல இருந்து எங்க வீட்டம்மா, "யாருங்க அது, உங்களை வேலூருங்கிறது?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. எனக்குப் பதில் சொல்லக் குரல் வரல.

அவன் என்னைப் பிடிச்ச கதையைக் கேளுங்க. பிரஷர் மாத்திரை வாங்க, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக் போயிருக்கான். வரிசைல முன்னாடி நிக்கிற ஆளோட பின்னங்கழுத்தைப் பார்த்ததும் இவனுக்குச் சந்தேகம். "பாலக்காடு?"ன்னு கூப்பிட்டிருக்கான். திரும்பினா அவனேதான்! (வருஷக்கணக்கா மார்ச்ல ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நடந்தவங்க நாங்க. பின்னங்கழுத்து மறக்காது.) பாலக்காட்டுக்கிட்ட தேனி நம்பர் இருந்துச்சு. தேனிகிட்ட நெல்லூர் நம்பர். என் நம்பர் யாருகிட்டயும் இல்ல. பொள்ளாச்சி என்ன பண்ணான், கம்மவான்பேட்டைல தெரிஞ்ச ஒரு பழைய சாப்புக்கு (எங்க மேலதிகாரிங்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் போட்டு, "வேலூர் பக்கத்து ஆளு, 1996 ரிக்ரூட், மோர்ட்டார் அடிப்பான்"ன்னு அடையாளம் சொல்லியிருக்கான். சாயங்காலத்துக்குள்ள நம்பர் கிடைச்சிருச்சு. போலீஸ்ல சொல்லித் தேடியிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் கிடைச்சிருக்காது!

அன்னைக்கு ராத்திரி வாட்ஸ்அப் குரூப் போட்டாச்சு. அதுல நடந்ததை எல்லாம் எழுதினா அடங்காது. நாலு பாஷைல கத்துறோம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், மதராஸ் ரெஜிமெண்ட்ல தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடக்காரன் எல்லாரும் கலந்துதான் இருப்போம். 1758-ல ஆரம்பிச்ச ரெஜிமெண்ட். இந்தியக் காலாட்படைல அதுதான் மூத்தது. ஆர்டர் எல்லாம் ஹிந்தில வரும், திட்டு மட்டும் அவனவன் தாய்மொழில வரும்.

அப்புறம் எல்லாரும் ஒருக்கா கூடணும்னு பேச்சு வந்துச்சு. எங்கே? வெலிங்டன்தான்! வேற எந்த ஊரைச் சொன்னாலும் சண்டை வந்திருக்கும். எங்க ரெஜிமெண்டோட ட்ரெயினிங் சென்டர் அங்கதான். குன்னூர்ல மலை ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன். நாங்க பொறந்து வளர்ந்தது எங்கெங்கேயோ, ஆளானது அங்கதான். டிசம்பர் மாசக் காலைல புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். பனியன், நிக்கரோட பி.டி.க்கு நிப்போம். கை விரல் எங்கே இருக்குன்னே தெரியாது. உஸ்தாத் (பயிற்சி கொடுக்கிறவர்) மட்டும் ஆவி பறக்க டீ குடிச்சுக்கிட்டே, "சர்தியா? ஓடு, சரியாயிடும்"பார். ஓடுவோம். நிஜமாவே சரியாயிடும்!

முதல்ல போட்ட திட்டம், ஆம்பளைங்க மட்டும் போறது. பக்கத்துல குன்னூர்ல ரூம் போட்டு, கேண்டீன்ல வாங்கினதை வச்சுக்கிட்டு, விடிய விடியப் பேசுறது.

அதை உடைச்சது பாலக்காட்டோட வீட்டம்மா. சேச்சி குரூப்லயே வாய்ஸ் போட்டுட்டாங்க, மலையாளமும் தமிழும் கலந்து. "நிங்கள் ஒருத்தரை ஒருத்தர் நல்லா அறியும். நாங்க உங்க பேரை எல்லாம் லெட்டர்ல மாத்திரம்தான் கண்டிருக்கோம். எங்களுக்கும் காணணும்."

ஒரு நிமிஷம் குரூப்ல சத்தமே இல்ல. அப்புறம் தேனி போட்டான், "சேச்சி சொல்றது கரெக்டு." எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிட்டோம்.

அந்த ஒரு வாய்ஸ் வராம இருந்திருந்தா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். குன்னூர்ல எனக்குக் கிடைச்சதுல பாதிக்கு மேல அந்தம்மாங்க பேசினதுலதான் கிடைச்சுது.

இங்க ஒரு கணக்கு. ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. முழுசா கிடைச்சாலும் மூணு மாசம். மிச்ச ஒன்பது மாசம்? மாமனார் மாமியார் மருந்து, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், கரண்ட் பில்லு, பங்காளி சண்டை, நாத்தனார் சீர், எல்லாம் வீட்ல இருக்கிற அந்த ஒரு ஆளு தலைல. அதுலயும் ஃபீல்டு போஸ்டிங்னா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. பீஸ் போஸ்டிங் வந்தாலும் குவார்ட்டர்ஸ் கிடைக்கறதுக்குள்ள பாதிக் காலம் ஓடிரும்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நான் சொல்ல வந்தது அந்தம்மாங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசும்போது நடந்ததை.

நாங்க வராந்தால உக்காந்து பழைய சாப்புங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். உள்ள ஹால்ல கம்பளியைப் போத்திக்கிட்டு அவங்க எல்லாம் வட்டமா உக்காந்திருக்காங்க. முதல் பத்து நிமிஷம் பிள்ளைங்க படிப்பு, முட்டி வலி. அப்புறம் தேனி வீட்டம்மா ஏதோ சொல்ல, எல்லாரும் ஓன்னு சிரிச்சாங்க. எங்க வராந்தா பேச்சு நின்னுபோச்சு. ஒவ்வொருத்தரா சேரைத் தூக்கிட்டு உள்ள போயிட்டோம்.

அவங்க சொல்லிக்கிட்டிருந்தது ப்ராக்ரஸ் கார்டு கதை.

தேனி பையன் அப்போ நாலாவது. அந்தம்மாவுக்கு ஒரு பிடிவாதம், கார்டுல 'அப்பா கையெழுத்து'ன்னு இருந்தா அங்க அப்பாதான் போடணும். டீச்சர், "நீங்களே போடுங்கம்மா"ன்னு சொல்லியும் கேக்கல. கார்டை ஒரு கவர்ல போட்டு 56 ஏபிஓ-வுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டாங்க. (56 ஏபிஓ எந்த ஊருன்னு எங்க அம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அது ஊரே இல்ல, ராணுவத் தபாலுக்கான முகவரி. பட்டாளம் ஊர் மாறினாலும் பெரும்பாலும் அதே விலாசம்தான்.)

அந்தக் கார்டு எங்க பங்கருக்கு வந்து சேர்ந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கு! கணக்குல 38. ஒரு செக்‌ஷன்னா பத்துப் பேர். பத்துப் பேரும் கார்டை வாங்கி வாங்கிப் பார்த்தாங்க. தேனிக்கு ஒரே சங்கடம். தஞ்சாவூர்தான் கணக்குல புலி. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, டார்ச் வெளிச்சத்துல பின்னக் கணக்கு நாலு போட்டு, வழியும் எழுதி, கீழே 'இப்படிக்கு உன் தஞ்சாவூர் மாமா'ன்னு கையெழுத்துப் போட்டான். தேனி கார்டுல கையெழுத்துப் போட்டு ரெண்டையும் சேர்த்து அனுப்பினான்.

கார்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்போ ஸ்கூல் லீவு விட்டாச்சாம்.

"ஆனா அந்தத் தாளை அவன் பத்தாவது முடிக்கிற வரைக்கும் கணக்கு நோட்டுல வச்சிருந்தாண்ணே"ன்னு தேனி வீட்டம்மா சொன்னாங்க. அந்தப் பையன் இப்போ திருப்பூர்ல ஆடிட்டர்கிட்ட வேலை பாக்குறான். கணக்குதான் பொழப்பு!

பொள்ளாச்சி வீட்டம்மா ஒண்டியா நின்னு போர்வெல் போட்டாங்களாம். லாரிக்காரன், "வீட்ல ஆம்பளை யாரும் இல்லையா?"ன்னு கேட்டிருக்கான். "இருக்காரு. பார்டர்ல இருக்காரு. அடிக்குக் காசு எவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லு"ன்னாங்களாம். நெல்லூர் வீட்டம்மா மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி டிவிஎஸ் எக்ஸ்எல்ல பின்னாடி உக்கார வச்சு, தன் இடுப்போட சேலையால கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு முன்னாடி வண்டியைக் கொல்லைல மட்டும்தான் ஓட்டியிருக்காங்களாம்.

எங்க வீட்டம்மா முறை வந்துச்சு. அவங்க அதிகம் பேசாத ஆளு. என்ன சொல்லப் போறாங்கன்னு நானும் பார்த்துக்கிட்டிருந்தேன்.

சொன்னது 2002 கதை.

சின்ன வயசுக்காரங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2001 டிசம்பர் 13-ம் தேதி பார்லிமெண்ட் மேல தாக்குதல் நடந்துச்சு. உடனே ராணுவத்துல பெரும் பகுதியை மேற்கு எல்லைக்கு நகர்த்தினாங்க. ஆபரேஷன் பராக்கிரம். லீவுல போனவனை எல்லாம் திரும்பக் கூப்பிட்டாங்க. நாங்க ராஜஸ்தான் மணல்ல. சண்டை இன்னைக்கா நாளைக்கான்னு மாசக்கணக்கா உக்காந்திருந்தோம். 2002 மே 14-ம் தேதி ஜம்மு பக்கத்துல காலுசக்ல ராணுவக் குடியிருப்புக்குள்ள பயங்கரவாதிங்க பூந்து சுட்டாங்க. செத்ததுல ஜவான்களோட மனைவி, குழந்தைங்கதான் அதிகம். அதுக்கப்புறம் யுத்தம் நிச்சயம்னே எல்லா சேனல்லயும் சொன்னாங்க. படை திரும்ப அக்டோபர் ஆயிருச்சு.

அந்த மே மாசம் எங்க அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி மயக்கம் போட்டு விழுந்திருக்காங்க. டிவி முன்னாடிதான். டாக்டர், "மனசை அமைதியா வச்சுக்கணும்"ன்னுட்டாரு.

எங்க வீட்டம்மா மறுநாள் கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒயரைக் கழட்டச் சொல்லிட்டாங்க. மாசச் சந்தா மட்டும் தப்பாம வாங்கிக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க, இல்லேன்னா அவரு வந்து வாசல்ல நின்னு உண்மையைப் போட்டு உடைச்சிருவாருன்னு. எங்க அம்மாகிட்ட, "லைன் ரிப்பேர் அத்தே, தெருவுக்கே வரல"ன்னு சொல்லியாச்சு. ரெண்டு மூணு மாசம் எங்க வீட்ல டிவியே ஓடல. என் அம்மா தினமும் கேபிள்காரரைத் திட்டிக்கிட்டே வெத்தலை போட்டாங்களாம்.

"அப்ப நீ எப்படிம்மா சேதி தெரிஞ்சுக்கிட்டே?"ன்னு சேச்சி கேட்டாங்க.

"ராத்திரி எட்டு மணிக்கு பாலுக்கு உறை குத்தணும், எதிர் வீட்ல ஒரு கரண்டி தயிர் வாங்கிட்டு வர்றேன்னு போவேன். சன் நியூஸ் முடியற வரைக்கும் அவங்க வீட்டு வாசப்படில நின்னு பார்த்துட்டு, தயிரோட வந்துருவேன். மூஞ்சியை முந்தானைல துடைச்சுக்கிட்டுதான் உள்ள வருவேன். அத்தைக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

இதை நான் அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்கிறேன்.

அந்த மாசங்கள்ல வந்த லெட்டர் எல்லாம் எங்கிட்ட இருக்கு. நீல நிற இன்லண்டு. மேல மூலைல நம்பர் போட்டிருப்பாங்க, ஏன்னா லெட்டருங்க முன்ன பின்ன வரும். 14 வந்து ஒரு வாரம் கழிச்சு 12 வரும். மடிக்கிற ஓரத்துலகூட இடம் விடாம பொடி எழுத்து. 'அத்தை நல்லா இருக்காங்க. பாப்பாவுக்கு ரெண்டு பல்லு முளைச்சிருக்கு. முருங்கை காய்ச்சிருக்கு. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க.' ஒரு லெட்டர்லயும் கேபிள் இல்ல, மயக்கம் இல்ல, எதிர் வீட்டு வாசப்படி இல்ல. நான் அந்த முருங்கைக்காயைப் படிச்சுட்டு நிம்மதியா டூட்டிக்குப் போயிருக்கேன். அந்த நிம்மதி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு அந்த ஹால்ல உக்காந்திருந்தப்போதான் முழுசாத் தெரிஞ்சுது.

எழுந்து போய் அவங்க பக்கத்துல உக்காந்தேன். பசங்க எல்லாம் கைதட்டினானுங்க. பொள்ளாச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "வீர மதராசி"ன்னு கத்தினான். "அடி கொல்லு! அடி கொல்லு!"ன்னு நாங்க கத்தின சத்தத்துல லாட்ஜ் மேனேஜர் ஓடி வந்துட்டாரு. (எங்க ரெஜிமெண்டோட போர் முழக்கம் அது. அவரும் குன்னூர்க்காரர்தானே, கேட்டதும் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.)

இப்போ தஞ்சாவூர்.

ஆமாங்க, கணக்குல புலின்னு சொன்னேனே, அவன். குரூப் ஆரம்பிச்சப்போ எல்லாரும் தேடினது அவனைத்தான். கடைசில அவன் பையன்தான் போனை எடுத்தான். அப்பா மாரடைப்புல போய்ச் சேர்ந்துட்டார், ஒரு வருஷம் ஆயிருச்சுன்னான். எங்க யாருக்கும் தகவல் சொல்ல அவங்ககிட்ட நம்பர் இல்ல. இருந்ததெல்லாம் ஊர் பேருங்கதான்!

பேச்சுவாக்குல அவன் இன்னொண்ணும் சொன்னான். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரல.

காரணம் ஒரே ஒரு எழுத்து. அந்தம்மா பேர்ல 'ழ' வரும். சர்வீஸ் ரெக்கார்டுல அந்த இடத்துல இங்கிலீஷ் 'எல்' போட்டு எழுதியிருக்கு. ஆதார்ல 'இசட் எச்'. பிறந்த தேதியும் வேற வேற. ஒவ்வொரு ஆபீஸா பேப்பரைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்காங்க. அந்தம்மா பாட்டுக்கு ஒரு மஞ்சப்பைல எல்லாத்தையும் வச்சுக்கிட்டு பஸ் ஏறி ஏறி இறங்கியிருக்காங்க.

கேட்டதும் பொள்ளாச்சி குரூப்ல ஒரு வரி போட்டான். "நான் பாத்துக்கறேன்."

அவன் கடைசி வருஷங்கள்ல கம்பெனி கிளார்க். பார்ட் டூ ஆர்டர்னு ஒண்ணு உண்டு, கல்யாணம், குழந்தை பிறப்பு, பேர் மாற்றம் எல்லாம் ரெக்கார்டுல ஏத்துறது அது வழியாத்தான். அந்த வேலை அவனுக்கு அத்துப்படி. தஞ்சாவூர் போய், மஞ்சப்பையைத் திண்ணைல கவுத்து, எது வேணும் எது வேண்டாம்னு பிரிச்சு, ரெண்டு விதமா எழுதியிருக்கிற பேரும் ஒரே ஆளோடதுதான்னு அஃபிடவிட் எழுதி வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமா வெலிங்டன் ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பினான். அங்க இருந்து பேரும் தேதியும் திருத்தி, பிபிஓ-வும் (பென்ஷன் உத்தரவு) திருத்தி வந்துச்சு. அரியரோட பென்ஷன் ஏறிருச்சு. இதுக்காக அவன் எத்தனை தடவை தஞ்சாவூர் போனான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்.

குன்னூருக்கு அந்தம்மா வரத் தயங்கினாங்க. "அவர் இல்லாம நான் மட்டும் எப்படி"ன்னாங்க. எங்க வீட்டம்மாவும் சேச்சியும் சேர்ந்து போன்ல பேசிப் பேசிக் கூட்டிட்டு வந்தாங்க. தேனி வீட்டம்மா அந்தப் பின்னக் கணக்குத் தாளைப் பையன்கிட்ட இருந்து வாங்கிக் கொண்டாந்திருந்தாங்க. கொடுத்தப்போ அந்தம்மா ரொம்ப நேரம் கையெழுத்தையே பார்த்துட்டு, "பேனாவை அழுத்தித்தான் எழுதுவாரு, பின்பக்கம் தடவினா எழுத்து தட்டுப்படும்"னாங்க. தடவிப் பார்த்தாங்க. தட்டுப்பட்டுச்சு.

அடுத்த தடவை கூடுறது தஞ்சாவூர்லதான்னு அங்கேயே முடிவாச்சு. குடும்பத்தோடதான். அதுல இனிமே பேச்சே இல்ல. என்னைக் கேட்டா, எந்தப் பட்டாளக்காரன் எங்க கூடினாலும் வீட்டம்மாங்க இல்லாம கூடாதீங்க. சர்வீஸ்ல பாதியை அவங்கதான் பண்ணியிருக்காங்க. அந்தப் பாதிக் கதை அவங்ககிட்டதான் இருக்கு.

இதைப் படிக்கிற எக்ஸ் சர்வீஸ்மேன் அண்ணன் தம்பிங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரியே பிபிஓ-வை எடுங்க. வீட்டம்மா பேர், எழுத்துக்கு எழுத்து ஆதாரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. பிறந்த தேதியைப் பாருங்க. ஸ்பர்ஷ் பென்ஷன் இணையதளத்துல என்ன ஏறியிருக்குன்னு பாருங்க. பென்ஷன் அக்கவுண்ட் ஜாயின்ட்டா இருக்கட்டும். ஃபைல் எந்த பீரோல, ஈசிஹெச்எஸ் கார்டு எங்க, ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு என்ன, எல்லாம் அவங்களுக்குத் தெரியணும். கூட இருந்த பசங்க நாலு பேரோட நம்பரை, ஊர் பேரோட சேர்த்து நிஜப் பேரையும் எழுதி, ஃபைல் முதல் பக்கத்துல ஒட்டுங்க.

ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் காலைல முதல் வேலையா உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டே போங்க.